கரை அரிப்பு

சேரன்மகாதேவி சுப்பையா அவர்களின் மூத்த குமாரரும், பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் மடை திறந்து அடைத்துக் கரை காக்கும் வாய்க்கால் லஸ்கராகச் சேர்ந்து அதே பதவியில் ஓய்வு பெற்றவரும், பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாவிடினும் ஊர் நூலகத்தின் அலமாரிகள் அனைத்தையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை படித்துத் தீர்த்தவருமான திருவாளர் சு. ஆவுடையப்பன் அவர்கள், தமக்கு அறுபத்தெட்டு வயது நிரம்பி அறுபத்தொன்பது நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு புதன்கிழமை முற்பகல், பாளையங்கோட்டையிலுள்ள தோல் மருத்துவமனை ஒன்றின் கூடத்தில், பெஞ்சின் விளிம்பில், முதுகை எதன்மீதும் சாய்க்காமல் நிமிர்ந்து வீற்றிருந்தார். கண்டவர்கள் யாரோ ஓர் உயர் அதிகாரி பேட்டிக்கு வந்து காத்திருப்பதாகவே எண்ணியிருப்பர். அவரோ தம்முடைய முதுகை வாசிக்க முயன்றுகொண்டிருந்தார்.

அது அத்தனை எளிய காரியமன்று. மனிதனுக்கு வாய்த்திருக்கும் தோற்பரப்பில் மிகப் பெரிய வெளி முதுகுதான். ஆயினும் அதைத் தன் கண்ணால் பாராமலே அவன் பிறந்து வளர்ந்து மாண்டுபோகிறான். திங்கட்கிழமை அந்த வெளியில் செவிலிப் பெண் சிறுசிறு தகரக் கிண்ணிகள் பதித்த ஒட்டுப்பட்டைகளை வரிசையாக ஒட்டி, ஓரங்களில் மையால் எண்கள் எழுதி, "குளிக்கக் கூடாது தாத்தா, வேர்க்கக் கூடாது, குனிஞ்சு எதையும் தூக்கக் கூடாது" என்று விதித்து அனுப்பியிருந்தாள். கிண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு பொருள்: இரும்புக்குள் கலக்கிற உலோகம், ரப்பருக்குள் கலக்கிற மருந்து, சிமெண்டில் இருக்கிற உப்பு, வாசனைச் சரக்குகள், இன்னும் பெயர் வாயில் நுழையாத எத்தனையோ. சற்று முன்புதான் பட்டைகளைப் பிய்த்தெடுத்தாள். பிய்த்த வேகத்தில் உண்டான சிவப்பு அடங்கட்டும், எது தானாக எழுந்து நிற்கிறதோ அதுவே பதில், டாக்டரம்மா வந்து பார்ப்பார்கள் என்று சொல்லிச் சட்டையைப் பொத்தான் போடாமல் தோளில் போர்த்தி வெளியே உட்காரவைத்துவிட்டாள். இப்போது மூன்று இடங்களில் அரித்தது. இடது தோள்பட்டையின் எலும்புக்கு மேலே லேசாக. நடு முதுகில் அரிப்பா, அரிக்கும் என்ற எதிர்பார்ப்பா என்று பிரிக்க முடியாதபடி. கீழே, இடுப்புக்குச் சற்று மேலாக ஓர் ஓரத்தில், ஐயத்துக்கு இடமே இல்லாமல். அரிப்பு என்ற சொல்லை அவர் மனம் பற்றிக்கொண்டது. பணியில் இருந்த காலமெல்லாம் அந்தச் சொல்லை அவர் வேறு பொருளில் மேலதிகாரிகளுக்குச் சொல்லிவந்திருக்கிறார். மடைக்குக் கீழே கரை அரிப்பு, உடனே கல் கொட்ட வேண்டும். மண்ணை நீர் தின்பதற்கும் தோலைத் தினவு தின்பதற்கும் ஒரே சொல்லை வைத்தவன் யாரோ இரண்டையும் அனுபவித்தவனாகத்தான் இருப்பான். அவனுக்கும் முதுகில்தான் அரித்திருக்குமோ? சொறிந்துகொள்ளக் கை எட்டாத நேரத்தில்தான் மனிதன் சொல்லைப் பற்றி யோசிக்கிறான் போலும். கை எட்டினால் சொறிந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவான்.

"சாஞ்சிராதிய" என்றாள் பக்கத்தில் இருந்த தைலம்மை. அவர் சாயவில்லை, சாய்வதாக நினைத்தது மட்டும்தான். நாற்பத்திரண்டு வருஷத் துணைவி, அத்தை மகள், நினைப்பதையும் கண்டுபிடிக்கிற வல்லமை உடையவள். அந்த வல்லமையைத்தான் இந்த இரண்டு நாட்களாக அவர் அஞ்சிக்கொண்டிருந்தார். ஏனெனில் கடைசி வரிசையின் கிண்ணிகளில் மருத்துவமனைச் சரக்குகள் இல்லை, அவர் வீட்டிலிருந்து கொண்டுபோனவை இருந்தன. உடம்பில் படுகிற பொருள் எதுவாயினும் கொஞ்சம் எடுத்து வாருங்கள் என்று டாக்டர் எஸ்தர் கேட்டிருந்தார். முகப்பவுடர், வலிக்குத் தேய்க்கும் தைலம், மீசைக்குப் போடும் சாயம் ஆகிய மூன்றையும் அவர் தைலம்மை பார்க்கவே பையில் வைத்தார். நான்காவதை, அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த வேளையில், ஒரு காலிக் குப்பியில் ஊற்றி, வேட்டி மடிப்பில் செருகிக் கொண்டுபோனார். அது அவள் எண்ணெய். வெட்பாலை இலையைத் தன் கையால் ஆய்ந்து, கத்தி படாமல் கிள்ளி, தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு, மாடியில் வெயில் நகர நகரக் கூடவே பாத்திரத்தை நகர்த்தி அவள் எடுக்கிற எண்ணெய். அவர் முழங்கையிலும் முழங்காலிலும் முதன்முதலாக வெள்ளிச் செதில்போல் படை உதிரத் தொடங்கிய ஆண்டிலிருந்து அவள் அதை எடுக்கிறாள். நாளாவட்டத்தில் தெருவே அதை வாங்கிப்போகத் தொடங்கியது. தைலம்மை என்ற பெயரை அவளுக்கு இட்டவர்கள் பிற்காலத்தை அறிந்தே இட்டார்கள் என்று ஊரார் பகடியாகச் சொல்ல, அவள் அதைப் பகடியாகக் கொள்ளாமல் பட்டமாகக் கொண்டாள். பிள்ளை இல்லாத வீட்டுக்கு நாலு பேர் வந்துபோக அந்த எண்ணெய் ஒரு காரணமாயிற்று. அந்த எண்ணெயைச் சந்தேகக் கூண்டில் ஏற்றி, தம் முதுகையே நீதிமன்றமாக்கி, தீர்ப்புக் கேட்க அவளையும் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறாரே, இதை என்னவென்பது? கூட்டிவரவில்லை, தனியாகத்தான் கிளம்பினார். "வேர்க்கக் கூடாதுன்னாளாம், குடை பிடிக்க ஆள் வேண்டாமா" என்று அவளாக வந்து பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் அறியாமல் இது முடிந்துவிட்டால் போதும். எண்ணெயில் குற்றமில்லை என்று ஆகிவிட்டால் அறியவே வேண்டாம். குற்றமிருந்தால்? அந்த நினைப்பின் வாசலில் போய் நின்றதும் அவர் மனம், மடையின் திருகு துருப்பிடித்து இறுகியது போல் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்ப் பெஞ்சிலிருந்த ஒருத்தி, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்த தன் கைகளை விரித்துக் காட்டி, "பாத்திரம் தேய்க்கப் போற எடத்துல இந்தக் கதி ஆயிட்டுக்கா. சோப்புத்தூள் பட்டாலே தீயா எரியுது" என்று சொல்ல, தைலம்மை அந்தக் கைகளைத் தன் மடியில் வாங்கி, ஒவ்வொரு விரலாகப் புரட்டிப் பார்த்தாள். "நான் ஒரு எண்ணெய் வச்சிருக்கேன். சேரன்மாதேவி வந்து லஸ்கர் வீடுன்னு கேளு, சின்னப் பிள்ளையும் காட்டும். துட்டெல்லாம் வேண்டாம். காலி பாட்டில் மட்டும் கொண்டா." "அவ்வளவு கேக்குமாக்கா?" "எங்க தெருவுல எத்தனை பேருக்குக் கேட்டிருக்கு!" அந்தப் பெண் ஆவுடையப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ இவுகள எதுக்கு இங்க கூட்டிட்டு வந்திருக்கிய?" தைலம்மை சற்றும் அசரவில்லை. "இவுக உடம்பு கவர்மெண்டு உடம்புல்லா. மேல இருந்து ஆர்டர் வந்தாத்தான் கேக்கும்." கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரித்தார், சிரித்த அசைவில் சட்டைத் துணி கீழ் ஓரத்தில் உரச, அங்கே அரிப்பு விழித்துக்கொண்டு ஒரு சுற்று ஓடியது. அவளுடைய அந்த நிமிர்வை, அந்த வாயாடித்தனத்தை, தகரக் கிண்ணியில் வைத்த ஒரு சொட்டு கவிழ்த்துவிடக் கூடும். டாக்டர் எஸ்தர் இரக்கமுள்ளவர்தான். ஆனால் படித்தவர்கள் இரக்கத்தோடு சொல்கிற செய்திதான் அதிகம் சுடுகிறது.

போன மழைக்காலம் வரையில் படை தன் எல்லைக்குள்தான் இருந்தது. முழங்கை, முழங்கால், கெண்டைக்காலின் முன்புறம் என்று அது குடியிருக்கும் இடங்கள் அவருக்குத் தெரியும்; அவர் வாய்க்காலில் எந்த வளைவில் பாசி பிடிக்கும் என்று தெரிந்திருந்தது போல. மழைக்குப் பின் புதிய இடங்களில் கிளம்பிற்று. கழுத்தின் பின்புறம், காதின் மடல், மார்பு. படை கூடியதால் தைலம்மை எண்ணெயைக் கூட்டினாள். எண்ணெயைக் கூட்டக் கூட்டப் படையும் கூடியது. இந்த இரண்டில் எது முன்னே போகிறது, எது பின்னே வருகிறது என்ற கேள்வி ஒருநாள் குளியலறையில், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நிலையில் அவருக்கு உதித்தது. உதித்த கேள்வியை விட்டுவிட அவரால் இயலவில்லை. அவர் சுபாவம் அப்படி. நோயின் மீது அவருக்கு ஆத்திரத்தைக் காட்டிலும் ஆர்வமே எப்போதும் மிகுதி. ஆத்திரமெல்லாம் நோயின் பெயர் மீதுதான். சொரியாசிஸ் என்று டாக்டர் சொன்னதை ஊரார் சொறியாசிஸ் என்று வாங்கிக்கொண்டார்கள். சொறி என்றால் தொற்றும். தொற்றும் என்றால் பந்தியில் பக்கத்து இலை காலியாகும். மைத்துனன் புதுவீட்டுப் பால்காய்ப்பில் அப்படித்தான் ஆயிற்று. "சொறிதானே வே, அதுக்கு எதுக்கு ஆசிஸ்?" என்று ஒருவன் கேட்க, "இங்கிலீஷ்காரன் எல்லாத்துக்கும் மரியாதை குடுத்துதான் கூப்பிடுவான்" என்று இன்னொருவன் சொன்னது காதில் விழுந்தது. அது தொற்றுநோய் அன்று, உடம்பு தன் தோலைத் தானே அவசரமாக நெய்து தள்ளுகிற ஒரு கோளாறு என்று அவர் எழுந்து நின்று விளக்கத் தயாராக இருந்தார், பாயசம் வந்துவிட்டது. பிற்பாடு நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டி, அந்தப் பெயரின் வேர் கிரேக்க மொழியில் தினவு என்றே பொருள்படும் என்று கண்டபோது, தாம் தோற்றுவிட்டதாகவும் அதே சமயம் ஏதோ ஒரு புதையலை எடுத்துவிட்டதாகவும் அவருக்குப் பட்டது. கடலுக்கு அப்பாலும் ஒருவன் சொறிந்துகொண்டுதான் இதற்குப் பெயர் வைத்திருக்கிறான்.

ஒவ்வாமை என்ற மற்றச் சொல்லோ கௌரவமானது. எனக்குக் கத்தரிக்காய் ஒவ்வாது, எனக்குத் தூசி ஒவ்வாது என்று பெரிய மனிதர்கள் சபையிலேயே சொல்லிக்கொள்கிறார்கள். உங்களுக்கு இருப்பது ஒவ்வாமை மட்டுமே என்று டாக்டர் சொல்லிவிடக் கூடாதா என்று ஆதியில் அவர் ஆசைப்பட்டதுண்டு. "ரெண்டுல ஒன்னுன்னு இல்லைய்யா" என்றார் டாக்டர் எஸ்தர். "ரெண்டும் வேற வேற. ஆனா பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே உடம்புல ரெண்டும் இருக்கலாம். உங்களுக்கு ஒத்துக்காத ஒரு பொருள் தோல்ல தொடர்ந்து பட்டு, அந்த இடம் புண்ணாகுதுன்னு வச்சுக்குங்க. சொரியாசிஸ் உள்ளவங்களுக்குப் புண்ணான இடத்துல படை வந்து உக்காந்துக்கும். கீறல்ல வரும், சூடு பட்ட இடத்துல வரும், ஒவ்வாமை வந்த இடத்துலயும் வரும்." கேட்ட கணத்தில் அவருக்கு நண்டு வளை நினைவுக்கு வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் வெள்ளம் கரையை உடைத்தது என்பார்கள். வெள்ளம் வாய்க்கால் நெடுகத்தான் ஓடுகிறது. எல்லா இடத்திலுமா உடைக்கிறது? நண்டு குடைந்து வைத்த விரல் அகலப் பொந்து ஒன்று இருக்கும். அதில் முதலில் நீர் கசியும். கசிவு மண்ணைக் கரைக்கும். பிறகு ஒரு நாள் கரையே வாயைப் பிளக்கும். நண்டு வேறு, வெள்ளம் வேறு. நண்டால் ஒரு வயலை மூழ்கடிக்க இயலாது. ஆனாலும் வெள்ளத்துக்கு வழி காட்டியது நண்டு. "அப்போ எனக்குள்ள வெள்ளமும் இருக்கு, நண்டும் இருக்குங்கிய" என்று அவர் கேட்டதற்கு டாக்டர் சற்று விழித்து, பின் சிரித்து, "நண்டு இருக்கான்னுதான் பாக்கப் போறோம்" என்றார். அந்த நொடி முதல் இந்தச் சோதனை அவருக்கு மருத்துவமாகத் தோன்றவில்லை. கரையோரம் கைவிளக்கோடு குனிந்து பொந்து தேடுகிற பழைய வேலையாகவே தோன்றியது. நோயாளியும் தாமே, லஸ்கரும் தாமே. இதில் ஒரு களிப்புக் கூட இருந்தது. அந்தக் களிப்பின் மத்தியில்தான், நண்டின் பொந்துக்குள் கையை விட்டால் தைலம்மையின் கை தட்டுப்படுமோ என்று ஒரு சில்லிப்பு.

மீண்டும் கீழ் ஓரம் அரித்தது. எந்த ஓரம்? இங்கேதான் அவர் சிந்தனை ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டது. திங்கட்கிழமை செவிலிப் பெண், "உங்க சாமானெல்லாம் கடைசி வரிசை தாத்தா. இடது ஓரத்துல எண்ணெய், வலது ஓரத்துல மீசைச் சாயம், மத்தது நடுவுல" என்று சொன்னாள். அரிப்பது இடக்கைப் பக்கத்து ஓரத்தில். அப்படியானால் எண்ணெய்தான். பொறு, பொறு, அவசரப்படாதே என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். இடது என்றால் எது இடது? பாமரர்கள் தங்கள் சோற்றுக் கையை வைத்து இடது வலது சொல்வார்கள். அது நின்ற இடத்துக்கு ஏற்ப மாறிவிடுகிற கணக்கு. துறையில் அது செல்லாது. நீர் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் வருவது இடது கரை, மற்றது வலது கரை. ஆண்டுக்கணக்காக அப்படித்தான் சொன்னார், அப்படித்தான் சொல்லக் கேட்டார். ஒருமுறை ஒரு புதிய பொறியாளர் நீருக்கு எதிர்முகமாக நின்று கரையை மாற்றிச் சொல்லி, கல்வண்டி தவறான பக்கம் போய்ச் சேர்ந்ததும் உண்டு. முதுகுக்கும் ஒரு போக்கு உண்டல்லவா? தண்டுவடத்தின் பள்ளம் வாய்க்கால்தானே? தலையில் ஊற்றிய நீர் பிடரி வழியே இறங்கி அந்தப் பள்ளத்தில் கூடி இடுப்புக்கு ஓடுகிறது. ஆகவே தலை மேல்புறம், இடுப்பு கடைமடை. கடைமடையை நோக்கித் திரும்பி நின்றால்… அவர் கண்ணை மூடி, தம் முதுகின் மேல் தம்மையே ஒரு சிற்றுருவாக நிறுத்தி, இடுப்பைப் பார்க்கத் திருப்பினார். இடது கரை தம் வலக்கைப் பக்கம் போயிற்று. வலது கரை இடக்கைப் பக்கம் வந்தது. அப்படியானால் அரிப்பது வலது கரை. வலது கரையில் மீசைச் சாயம். செவிலி படித்த பெண்; கண்ணாடி அணிந்தவள்; முறையாகத்தான் சொல்லியிருப்பாள். சாயம்தான் நண்டு! மீசைக்குப் போட்டது மார்பில் எப்படிப் படை கிளப்பும் என்று ஒரு சிறு ஐயம் தலையை நீட்டியது. வியர்வையில் வழிந்திருக்கும் என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்தார். சாயத்தை விட்டுவிடலாம். நரைத்த மீசையும் ஒரு தோரணைதான். தைலம்மை தப்பித்தாள். பெஞ்சும் கூடமும் எதிரே சுவரில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியும் எல்லாம் திடீரென்று அவருக்குப் பிரியமானவையாகத் தோன்றின.

அந்தப் பிரியத்தில்தான் அவர் பிசகினார். காலையிலிருந்து, "சட்டையைத் தூக்குங்க, என்னதான் எழுதியிருக்கான்னு நான் பாக்கேன்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததும், "பொது இடம்ட்டி, சும்மா இரி" என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்ததும் ஒரு நொடியில் அர்த்தமற்றுப் போக, தூணின் மறைவாகத் திரும்பி உட்கார்ந்து, "சரி, பாரு. பாத்து உள்ளது உள்ளபடி சொல்லு" என்றார். சட்டை பின்னால் உயர்வதும் காற்றுப் படுவதும் தெரிந்தது. "ஏயப்பா, சினிமா தியேட்டர் சீட்டு மாதிரில்லா நம்பர் போட்டிருக்கா" என்றாள். "மேல ஒரு எடத்துல லேசா செவந்திருக்கு. நடுவுல ஒன்னுமில்ல. இந்தா, கீழ ஓரத்துல…" "மேடா இருக்கா?" "எறும்பு கடிச்ச மாதிரித் தடிச்சுச் செவந்து நிக்கி." "எந்தப் பக்கம்?" "உங்க சோத்தாங்கைப் பக்கம் இல்ல, மத்தப் பக்கம்." "அதாவது வலது கரை" என்று அவர் வெற்றியோடு திருத்தினார். வழக்கமாக இந்த இடத்தில், கரையாவது மண்ணாவது என்று ஒரு சொல் வந்து விழ வேண்டும். சட்டை மெல்லக் கீழே இறங்கியது. அவள் அதைத் தோளில் சரியாகப் போர்த்திவிட்டாள். அளவுக்கு மீறிய கவனத்தோடு போர்த்திவிட்டாள் என்று பட்டது. திரும்பிப் பார்த்தார். தைலம்மை தன் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, எதிர்ப் பெஞ்சுப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கம் வருகிறதா, காப்பி வேண்டுமா என்று கேட்க நினைத்தார். இவளுக்கு என்ன? முதுகைக் கண்டு பயந்துவிட்டாளா? எத்தனை வருஷமாகத் தேய்த்த முதுகு அது. "சவத்த விடுங்க, ஒன்னுமில்ல" என்றாள் அவர் கேட்காத கேள்விக்கு. எதிரே இருந்த பெண், "சேரன்மாதேவிக்கு எந்தக் கிழமை வரட்டும்க்கா?" என்றாள். "பாப்போம்" என்றாள் தைலம்மை. பாப்போம்! இதுவரை அவள் வாயிலிருந்து எண்ணெய் கேட்டு வந்த ஒருவரும் பெற்றிராத சொல். அவர் கட்டி எழுப்பியிருந்த வலது கரை, இடது கரை எல்லாம், ஏன் என்று அறியாமலே, அடியில் சற்றே ஈரம் கண்டன. அப்போது உள்ளிருந்து அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

டாக்டர் எஸ்தர் அவரை விளக்குக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்து, விரல் நுனியால் தடவினார். கடைசி வரிசைக்கு வந்ததும் செவிலிப் பெண் வைத்திருந்த குறிப்பு அட்டையைப் பார்க்கக் கையை நீட்டினார். அதை வாங்குவதற்கு முன்னால், கதவருகில் நின்ற தைலம்மை சொன்னாள்: "அது என் எண்ணெய், டாக்டரம்மா." "யாரும்மா சொன்னா?" என்றார் டாக்டர். "யாரு சொல்லணும்? அந்தத் தடிப்புக்கு அடியில ஊதா பூத்துக் கெடக்கே. வெட்பாலை எண்ணெய்க் கறை. எத்தனை தலையணை உறை, எத்தனை வேட்டி வெளுத்திருக்கேன். என் கறை எனக்குத் தெரியாதா?" செவிலிப் பெண் குறிப்பு அட்டையைப் பார்த்து, "ஆமா டாக்டர், கீழ் வரிசை இடது ஓரம், எண்ணெய்தான்" என்றாள். இடது! அந்தப் பெண் சோற்றுக் கைக் கணக்கில்தான் சொல்லியிருக்கிறாள். கரையைப் பற்றி அத்தனை நுட்பமாக ஆராய்ந்த அவர் கறையைப் பற்றி ஒரு கணமும் நினைக்கவில்லை. "தைலா…" என்று தொடங்கினார். முதுகைத் திருப்பி நின்றதால் அவள் முகம் தெரியவில்லை, நல்லதாயிற்று. "ஒளிச்சு வச்சுக் கொண்டாந்தியளாக்கும்" என்றது அவள் குரல். "கேட்டிருந்தா நானே ஒரு படி ஊத்தித் தந்திருப்பேன்லா." பிறகு அந்தக் குரல் இறங்கியது. "டாக்டரம்மா, நான் தெருவுல பத்துப் பன்னெண்டு பேருக்கு இதக் குடுத்துக்கிட்டு இருக்கேன். அவுகளுக்கெல்லாம் நான் கெடுதல்தான் பண்ணிக்கிட்டு இருந்தேனா?"

டாக்டர் ஆவுடையப்பனை உட்காரச் சொல்லிவிட்டு, தைலம்மையின் பக்கம் திரும்பி, எண்ணெயில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று விசாரித்தார். வெட்பாலை இலை, செக்குத் தேங்காயெண்ணெய், வெயில் என்றாள். வேறு? வேறு ஒன்றுமில்லை. "நல்லா யோசிங்க. மேல் வரிசையில வாசனைப் பொருள் வச்ச இடமும் லேசா செவந்திருக்கு. வாசனைக்கு எதாவது போடுவீங்களா?" தைலம்மை சற்றுத் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை ஆவுடையப்பன் முதன்முறையாகக் கண்டார். கல்யாணத்தன்று கூடக் கண்டதில்லை. "ஜவ்வாது போடுவேன்" என்றாள். "அது இவுகளுக்கு மட்டும். மத்தவுகளுக்குக் குடுக்கதுல போட மாட்டேன். இவுக மொத மொதல்ல தேய்ச்ச அன்னைக்கு, என்னட்டி இது, ஆட்டுக் கொட்டாய் மாதிரி வாடைன்னு மூக்கப் பிடிச்சாக. மறுநாள் எங்க தேய்க்காமப் போயிருவாகளோன்னு ஒரு சிட்டிகை போட்டேன். போன மழையில படை ரொம்பக் கூடிட்டுதேன்னு ரெண்டு வேளை தேய்க்க ஆரம்பிச்சதும் அதையும் கூட்டிப் போட்டேன்." ஆவுடையப்பனுக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. எண்ணெய் மணமாகத்தான் இருக்கும் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தார். வெட்பாலையின் இயற்கை மணம் அது என்று யாரோ ஒருவருக்கு விரிவாக எடுத்துரைத்ததும் உண்டு. அவர் அறியாத வாசனை ஒன்று தினந்தோறும் அவர் உடம்பில் ஏறி இறங்கியிருக்கிறது. உடம்பு அதை மறுத்திருக்கிறது. மறுத்த இடங்களில் படை வந்து குடியேறியிருக்கிறது. அதைக் கண்டு அவள் இன்னும் கொஞ்சம் வாசனையைக் கூட்டியிருக்கிறாள். நண்டும் வெள்ளமும் என்று அவர் வகுத்து வைத்திருந்ததில் இப்படி ஒரு கைக்கு இடம் விடவில்லையே என்ற வியப்பு, வேறெந்த உணர்ச்சியையும் முந்திக்கொண்டு வந்து நின்றது.

"ஜவ்வாதா, இலையா, எண்ணெயான்னு இப்பவே நான் சொல்லிற முடியாது" என்றார் டாக்டர். "மூணும் ஒன்னாத்தானே வச்சிருக்கு. வாசனை போட்டது ஒன்னு, போடாதது ஒன்னு, தனித்தனியாக் கொண்டு வாங்க. முதுகு ஆறட்டும், மறுபடி வச்சுப் பாத்துருவோம். அதுவரைக்கும் எதுவும் தேய்க்க வேண்டாம். ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்கம்மா, இதனால சொரியாசிஸ் போயிராது. அது ஐயாகூடத்தான் இருக்கும். புதுப் புது எடத்துல வராமத் தடுக்கலாம், அவ்வளவுதான்." திரும்புகிற பஸ்ஸில் தைலம்மை சேரன்மகாதேவி வரும்வரையில் குடையை மடியில் வைத்து அதன் கம்பிகளைத் தடவிக்கொண்டே வந்தாள். மறுநாள் எண்ணெய்க்கு வந்த எதிர்வீட்டு இசக்கியம்மாளிடம், "இப்ப இல்ல, பொறவு வா" என்று கதவுக்கு உள்ளே நின்றபடியே சொன்னாள். அப்படி வாசல் அடங்கிக் கிடந்த நாட்களில் ஆவுடையப்பன் ஒருநாள் தாமே மாடியேறி, வெயில் நகர நகரப் பாத்திரத்தை நகர்த்தினார். இலை ஊறிய எண்ணெயில் முகத்தை வைத்து முகர்ந்தும் பார்த்தார். ஆட்டுக் கொட்டாய் என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் சோதனையில் வாசனை போட்ட எண்ணெய் வைத்த இடம் தடித்துச் சிவந்தது. போடாதது வைத்த இடத்தில் ஊதாக் கறையைத் தவிர வேறொன்றும் எழவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தபோதும் அதுவே நிலைத்திருந்தது. இலையிலும் குற்றமில்லை, எண்ணெயிலும் குற்றமில்லை, தெருவில் யாருக்கும் கெடுதல் இல்லை என்று டாக்டர் எஸ்தர் தைலம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்று மாலை இசக்கியம்மாள் காலி பாட்டிலோடு வந்துபோன பின்பு, தைலம்மை உள்ளங்கையில் எண்ணெயை ஏந்தி வந்து, திருவாளர் ஆவுடையப்பன் அவர்களின் முழங்கையில் தேய்க்கத் தொடங்கினாள். அவர் நிமிர்ந்து, கண்ணை மூடி, அசையாமல் இருந்தார். "மூச்ச விடுங்க" என்றாள் அவள். "எவ்வளவு நேரந்தான் அடக்குவிய?" அவர் மூச்சை விட்டார், இழுத்தார், இருமினார், முழங்கையை மட்டும் எடுக்கவில்லை. இந்த விவகாரம் இவ்வாறு தீர்ந்தது, 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.